காஷான் ஓடுகள் எங்கே இருக்க வேண்டும்?

டைல்ஸ் என்றதும் நமக்குக் குளியலறையும் சமையலறையும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் 13-ஆம் நூற்றாண்டு ஈரானில் பொன் போல மின்னும் ஓடுகளைச் செய்து, அவற்றின் ஓரங்களில் குர்ஆன் வசனங்களை எழுதி, பெரியோர்கள் அடங்கிய தர்காக்களின் சுவர்களில் பதித்தார்கள். இன்று அவற்றில் ஏராளமானவை அந்தச் சுவர்களில் இல்லை. லண்டன், நியூயார்க், சிகாகோ என்று ஊர் ஊராக அருங்காட்சியகங்களில் பிரிந்து கிடக்கின்றன. இது சரிதானா?

முதலில் இந்த ஓடுகளைப் பற்றிக் கொஞ்சம். இவற்றைச் செய்த ஊர் காஷான். பாரசீக மொழியில் ஓட்டுக்கே 'காஷி' என்று பெயர் வந்தது அந்த ஊரால்தான். வெள்ளை மெருகு பூசி ஒரு முறை சுட்ட ஓட்டின் மேல், வெள்ளியும் செம்பும் கலந்த கலவையால் எழுதுவார்கள். பிறகு காற்றை அடக்கி, புகை நிறைந்த சூளையில் குறைந்த சூட்டில் மறுபடி சுடுவார்கள். வெளியே எடுத்துத் துடைத்தால், மிக மெல்லிய உலோகப் படலம் மட்டும் ஒட்டிக்கொண்டு மின்னும். தங்கம் துளிகூட இல்லை! சூடோ புகையோ கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அத்தனை உழைப்பும் வீண். இந்தத் தொழிலில் பேர்போனது அபூ தாஹிர் குடும்பம். அப்பா, மகன், பேரன் என்று தலைமுறை தலைமுறையாகச் செய்தார்கள். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த அபுல் காசிம் என்பவர் 1301-இல் இந்தச் செய்முறையை எழுதியே வைத்துவிட்டார்.

இனி விஷயத்துக்கு வருவோம். தெஹ்ரானுக்குத் தெற்கே வராமின் என்ற ஊரில் இமாம்ஜாதே யஹ்யா என்ற அடக்கத்தலம் இருக்கிறது. மங்கோலியர்கள் பாக்தாதை அழித்தது 1258-இல். அதற்கு நான்கே ஆண்டுகள் கழித்து, 1262-இல், இந்தத் தலத்துக்கு நட்சத்திர வடிவ ஓடுகளும் அவற்றுக்கு இடையில் பொருந்தும் சிலுவை வடிவ ஓடுகளும் தயாராகின. ஆட்சியில் இருந்த மங்கோலியர்கள் அப்போது இஸ்லாத்துக்கு வந்திருக்கவில்லை. ஆனாலும் மக்கள் தங்கள் பெரியவரின் கல்லறையை இறைவசனங்களால் மூடினார்கள். 1265-இல் அலி இப்னு முஹம்மது இப்னு அபீ தாஹிர் தன் பெயரைப் பொறித்து, 12 அடிக்கு மேல் உயரமுள்ள மிஹ்ராப் ஒன்றைச் செய்தார். 1305-இல் அவர் மகன் யூசுப் கல்லறையின் மேல்மூடியைச் செய்தார்.

1881-இல் அங்கே போன பிரெஞ்சுப் பயணி ஜேன் டியூலாஃபோய், அப்போதே ஓடுகள் திருட்டுப் போய்க்கொண்டிருந்ததைப் பதிவு செய்திருக்கிறார். பின்னர் எல்லாமே போயின. கல்லறை மூடி ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மிஹ்ராபை 1940-இல் டோரிஸ் டியூக் என்ற அமெரிக்கச் செல்வச் சீமாட்டி வாங்கி, ஹவாயிலிருந்த தன் வீட்டில் வைத்தார். அந்த வீடு இன்று ஓர் அருங்காட்சியகம்.

"எடுத்துப் போகாமல் விட்டிருந்தால் உடைந்து போயிருக்கும், அருங்காட்சியகம்தான் காப்பாற்றியது" என்று சிலர் சொல்வார்கள். இதில் ஓரளவு உண்மை உண்டு. தூசு படாமல் இருக்கின்றன, அறிஞர்கள் படிக்கிறார்கள், என்னைப் போன்றவர்கள் படத்திலாவது பார்க்க முடிகிறது. ஆனால் இந்த வாதம் பாழடைந்த இடத்துக்குத்தான் பொருந்தும். இமாம்ஜாதே யஹ்யா பாழடையவில்லை. மக்கள் இன்றும் அங்கே வந்து துஆ செய்கிறார்கள். அவர்களைச் சுற்றி இருப்பது ஓடு பெயர்த்த வெற்றுச் சுவர்.

மிஹ்ராப் என்பது வெறும் அழகுப் பொருள் அல்ல. மக்கா இருக்கும் திசையைக் காட்டுவதுதான் அதன் வேலை. ஒரு குறிப்பிட்ட ஊரின் குறிப்பிட்ட சுவரில் இருந்தால்தான் அதற்குப் பொருள். பெயர்த்து எடுத்த பிறகு எழுத்து இருக்கிறது, மினுக்கம் இருக்கிறது, வேலை மட்டும் இல்லை! ஓரத்தில் வசனம் எழுதிய ஓட்டை 'நட்சத்திர ஓடு' என்று மட்டும் சீட்டு எழுதித் தனியாக மாட்டினாலும் இதே கதிதான்.

எல்லா ஓடுகளையும் இப்போதே திருப்பிக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஓர் ஊருக்கு ஒன்றிரண்டு நட்சத்திரங்கள் இருந்தால் உலகம் அந்தக் கலையை அறியும். ஆனால் மிஹ்ராபும் கல்லறை மூடியும் ஒரே இடத்துக்காகச் செய்தவை, அவை ஒன்றுதான் உண்டு. அவை வராமினுக்குத் திரும்ப வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை செய்யக்கூடியவையும் உண்டு. எந்தத் தலத்திலிருந்து வந்தது, அந்தத் தலம் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு ஓட்டின் அருகிலும் எழுதலாம். அசல் அளவில் பிரதி செய்து அந்த வெற்றுச் சுவருக்குக் கொடுக்கலாம். அவர்களிடம் இருக்கும் பணத்துக்கு இது பெரிய செலவு இல்லை.

காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு அது சொத்தாக இருக்கலாம். ஆனால் அலி தன் பெயரைப் பொறித்தது ஒரு வீட்டு அலங்காரத்துக்காக அல்ல, அங்கே தொழ வருபவர்களுக்காக. அவர்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.