அணில் என்று சொல்லிவிடாதீர்கள்!



பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியருக்குக் காட்டுப் பிராணியைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களுடன் ஏற்காட்டுக்குச் சென்றிருந்தேன். பாறைச் சரிவில் சிறு பிராணி ஒன்று ஓடிற்று. "அணில்" என்று சொல்லிவிட்டு மேலே நடந்தேன். "முதுகில் கோடு இல்லையே, சார்!" என்றாள் ஒரு மாணவி. அவள் பார்த்திருந்தாள், நான் பார்க்கவில்லை.

அது மூங்கில் அணத்தான். மர மூஞ்சூறு வகையைச் சேர்ந்தது. உடல் சுமார் 17 சென்டிமீட்டர். வாலும் ஏறக்குறைய அதே நீளம். கூரிய மூக்கும் தோளில் வெளிர்நிறக் கோடும் உண்டு. அணிலின் நீண்ட மீசை இல்லை. பெயரில் மரம் இருந்தாலும், பகலில் பெரும்பாலும் தரையில்தான் இரை தேடுகிறது. சருகைக் கிளறி வண்டு, எறும்பு, மண்புழுக்களைத் தின்னும், பழங்களையும் உண்ணும். இரவில் பாறை இடுக்கிலோ பொந்திலோ உறங்கும்.

இதை 1850-இல் வாட்டர்ஹவுஸ் என்பவர் அறிவியல் உலகுக்கு விவரித்தார். 1913-இல் லையன் என்பவர் இதன் பேரினத்துக்கு 'அனத்தானா' என்று பெயரிட்டார். அது நம் 'மூங்கில் அணத்தான்' என்ற சொல்லிலிருந்து பிறந்ததே! உலக விஞ்ஞானம் காப்பாற்றி வைத்திருக்கும் தமிழ்ச் சொல்லை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அடையாளம் தவறுவது வெட்கமன்று. மர மூஞ்சூறுகளை 1945-இல் சிம்ப்ஸன் என்ற பேரறிஞரே குரங்குகளின் வரிசையில் சேர்த்தார். பின்வந்தவர்கள் பற்களையும் எலும்புகளையும் மறுபடி ஆராய்ந்தார்கள். இன்று அவற்றுக்குத் தனி வரிசையே உண்டு. தவறியபின் மறுபடி பார்ப்பதுதான் விஞ்ஞானம். பௌதிகச் சோதனைச்சாலையில் ஓர் அளவை மூன்று முறை எடுக்கச் சொல்வதும் இதற்காகவே.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சருகையும் விழுந்த மரத்தையும் குப்பை என்று நாம் அகற்றினால், இந்தப் பிராணி தன் உணவுக் களஞ்சியத்தை இழக்கிறது. அணில் எங்கும் இருக்கிறது, அணத்தான் அப்படியல்ல. இதையும் அணில் என்றே எண்ணுகிறவன், ஒரு மலையிலிருந்து இது மறைந்துபோனாலும் அறியமாட்டான்.

ஆகவே, அடுத்த முறை காட்டுக்குச் செல்லும்போது நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எடுத்துச் செல்லுங்கள். பிடிக்க வேண்டாம், துரத்தவும் வேண்டாம். நேரம், இடம், அது செய்த காரியம் இவற்றை எழுதுங்கள். உங்கள் ஆசிரியர் "அணில்" என்றால், தயங்காமல் "கோடு இல்லையே, சார்!" என்று சொல்லுங்கள்.