சிற்றுருக் காரும் நம் வீதியும்

மொறிஸ் மைனரின் சிற்றுருவை வாங்கிச் செப்பனிடும் அன்பர்கள், றெசின் என்னும் பிசினில் வார்த்து விற்கப்படும் பந்தயச் சில்லுகளைப் பூட்டுவதையே பெரிதென எண்ணுகின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை.

1948இல் இங்கிலாந்தில் பிறந்த அக்கார், ரம்புக்கனைப் புகையிரத நிலைய வாசலில் வாடகைக்கு நின்றபோது வேறொரு வண்டியாயிற்று. கூரையில் மூட்டை தாங்கும் சட்டம். றப்பர்த் தோட்டத்துச் செம்மண் தெறித்த மட்காட். இவற்றை யார் நமக்கு வார்த்து அனுப்புவார்? சிலிக்கோன் அச்செடுத்து, றெசினை ஊற்றி நாமே வார்க்கவேண்டும். 43இல் ஒரு பங்கென்றால் முழுக்காரும் ஒன்பது சென்றிமீற்றருக்குள் அடங்கும்; அவ்வளவில் சட்டத்தின் கம்பிகள் றெசினில் ஒடிந்துபோம். அதற்குப் பித்தளைக் கம்பியே நன்று. சிரமந்தான்! ஆயினும், அருகிவரும் அவ்வண்டி மேசைமீதும் இங்கிலாந்துக் காராகவே நின்றுவிடின், நம் வீதியில் அது ஓடியதற்குச் சாட்சி ஏது?