எல்லை கடக்கும் வானொலிக் கருவிகள்

வெளிநாடுகளில் வாழும் எம் பழைய மாணவர் ஊருக்கு வருங்கால் கல்லூரிக்கென ஏதேனும் ஒரு பொருளைக் கொண்டுவரும் வழக்கம் போற்றத்தக்கது. நூல்கள் வந்தன, துடுப்பாட்ட மட்டைகள் வந்தன, கணினிகள் வந்தன. அண்மைக் காலத்தில் வோக்கி-டோக்கி எனப்படும் இருவழி வானொலிக் கருவிகளும் அவ்வரிசையிற் சேர்ந்துள்ளன. சாரணர் பாசறைக்கும் மெய்வல்லுநர் போட்டிக்கும் அவை உதவுமென்பது அன்பர்களின் எண்ணம். எண்ணம் நன்றே. ஆயினும் அவற்றைப் பயணப் பெட்டியில் வைத்துப் பூட்டுமுன் அறியவேண்டிய சில உண்டு. அவற்றை இம்மலர் வாயிலாகக் கூறுதல் எமது கடன் எனக் கருதுகின்றோம்.

கைக்கடிகாரமும் நிழற்படக் கருவியும் எந்நாட்டுக்குக் கொண்டு சென்றாலும் உடையவனுக்கே உரியன. வானொலிக் கருவி அத்தகையதன்று. பெட்டி எம்முடையதாயினும் அது பயன்படுத்தும் அலை எம்முடையதன்று. ஊர்க் குளத்து நீரைப் பங்கிடும் உரிமை அவ்வூராருக்கே இருத்தல்போல, தன் மண்ணில் எவ்வலையை எவர் பயன்படுத்தலாம் என விதிக்கும் உரிமை அவ்வந் நாட்டுக்கே உண்டு. ஆகவே ஒரு நாட்டிற் பெற்ற உரிமமோ, உரிமம் வேண்டா என்னும் விலக்கோ எம்முடன் விமானம் ஏறி வருவதில்லை.

எடுத்துக்காட்டொன்று கூறுவோம். கனடாவிலும் அமெரிக்காவிலும் கடைகளில் எளிதாக வாங்கப்படும் குடும்ப வானொலிக் கருவிகள் 462, 467 மெகாஹேர்ட்ஸ் பகுதிகளில் இயங்குவன. அங்கு அவற்றுக்கு உரிமம் வேண்டியதில்லை. ஐரோப்பிய நாடுகளிலோ பொதுமக்களுக்கென விடப்பட்டது 446.0 முதல் 446.2 மெகாஹேர்ட்ஸ் வரையுள்ள சிறு துண்டு. ஆற்றலும் அரை வாற்றுக்கு மேற்படலாகாது. அவுஸ்திரேலியரின் மக்கள் அலைவரிசை 476, 477 மெகாஹேர்ட்ஸில் உள்ளது; அங்கு ஐந்து வாற்று வரை இடமுண்டு. எனவே ரொறன்ரோவில் இருக்கும் அண்ணன் தன் கருவிகளை இலண்டனில் இருக்கும் தம்பிக்கு அன்புடன் அளிப்பானாயின், தம்பி அதன் பொத்தானை அழுத்திப் பேசிய கணமே சட்டத்தை மீறியவனாகின்றான். 'உரிமம் தேவையில்லை' எனப் பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பது பொய்யன்று; எந்த நாட்டில் என்பதையே வாங்குவோர் பார்ப்பதில்லை.

பேசினாலன்றோ குற்றம், கேட்பதிற் குற்றம் என்னை என வினவுவோர் உளர். ஸ்கானர் எனப்படும் அலைதேடும் கருவியை வைத்திருப்போர் பெரும்பாலும் இக் கட்சியினரே. பிரித்தானியாவில் அத்தகைய கருவியை வாங்கலாம், வைத்திருக்கலாம். ஆனால் தமக்கென அனுப்பப்படாத செய்தியை அதிகாரமின்றிக் கேட்டறிய முற்படுதலை 2006ஆம் ஆண்டின் வானொலித் தந்திச் சட்டம் குற்றமாக வைத்துள்ளது. விமானிக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் இடையே நிகழும் உரையாடலும் இதனுள் அடங்கும். அமெரிக்காவில் அவ்வுரையாடலைக் கேட்கத் தடையில்லை. எனினும் அந்நாட்டுக்குள்ளேயே நியூயோர்க் மாநிலத்தில், பொலிசாரின் அலைவரிசையை வாங்கவல்ல கருவியை அனுமதியின்றி மோட்டார் வண்டியிற் பொருத்துதல் குற்றமாகும். திருவள்ளுவர் ஒற்றாடலை அரசியலில் வைத்தாரேயன்றி இல்லறவியலில் வைத்தாரல்லர். ஒற்றுக் கேட்டல் அரசின் தொழில் என்னும் எண்ணம் இன்றைய அரசுகளிடமும் மாறவில்லை போலும்.

சிதம்பர தரிசனத்துக்கும் சென்னை மருத்துவமனைகளுக்கும் எம்மவர் பலர் செல்வதால் இந்தியாவைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். 2010ஆம் ஆண்டு பெப்ரவரியில், விமானங்களைப் பார்த்துக் குறிப்பெடுப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட பிரித்தானியர் இருவர் டெல்லி விமான நிலையத்தருகே ஒரு விடுதியில் தங்கி, வானொலிக் கருவியால் விமானிகளின் பேச்சைக் கேட்டிருந்தனர். அவர்கள் கைதாயினர். ஒற்றர் என்னும் ஐயத்துக்கும் ஆளாகி, ஏறத்தாழ இரண்டு மாதம் துன்புற்றபின் அபராதம் செலுத்தி ஊர் திரும்பினர். அவர்கள்மேற் பாய்ந்தது 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம்! உரிமமின்றிக் கருவியை வைத்திருத்தலையே 1933ஆம் ஆண்டின் மற்றொரு சட்டம் தடுத்திருந்தது. இவ்விரு பழஞ் சட்டங்களுக்கும் பதிலாக 2023ஆம் ஆண்டில் தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டது. வானொலிக் கருவியை வைத்திருப்பதற்கே அதிகாரம் பெறவேண்டும் என்னும் கொள்கை அதிலும் உண்டு. செய்மதித் தொலைபேசியை அனுமதியின்றி அந்நாட்டுக்குக் கொண்டு சென்று கைதான பயணிகளும் உளர்.

ஒரு பொழுதுபோக்குக்காக மாதக் கணக்கில் அலைக்கழிப்பது மிகையான கடுமை என்பதே எமது கருத்து. ஆயின் சுங்க மேசை விவாத மேடையன்று. அரசுகள் இக்கருவிகளுக்கு ஏன் அஞ்சுகின்றன என்பதை வட பகுதியினராகிய எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதுமில்லை. 1990களில் மின்கலங்கூட இங்கு வரத் தடையிருந்தது. மிதிவண்டித் தைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை நாம்.

இலங்கையின் நிலை யாது? 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி, இத்தகைய கருவிகளை இறக்குமதி செய்வதற்கும் பயன்படுத்துவதற்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். பரீட்சையிற் சித்தியெய்தி உரிமம் பெற்ற தொழின்முறை சாரா வானொலியாளருக்கும், நாடுகளுக்கிடையே உடன்பாடு உள்ளவிடத்தன்றிப் பிறநாட்டில் அவ்வுரிமம் செல்லாது.

எம் மனத்தை உறுத்துவது வேறொன்று. அன்பளிப்பைத் தந்தவர் மூன்று வாரத்தில் மீண்டும் விமானமேறிவிடுவார். கருவி ஒரு மாணவனின் கையில் இருக்கும். பாசறைக்குப் போகும் வழியில் அதைக் கண்டு, 'இது எங்கிருந்து வந்தது, அனுமதி எங்கே' எனப் பொலிசார் கேட்டால், பதினாறு வயதுப் பிள்ளை என்ன விடை கூறுவான்? அவன் பெயரும் வீட்டு முகவரியும் ஒரு பதிவேட்டில் ஏறிவிடும். ஈந்தவரின் பெயர் அங்கே இராது.

ஆதலால் எமது வேண்டுகோள் இது. கல்லூரிக்கு இருவழிக் கருவி தேவையென உணரும் அன்பர்கள் அதைக் கையிற் கொண்டுவராது, அதற்குரிய பணத்தைப் பழைய மாணவர் சங்கத்திடம் ஒப்புவிப்பாராக. உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் இந்நாட்டிலேயே வாங்கி, அனுமதிப் பத்திரத்தை அதிபர் அலுவலகத்தில் வைத்து, அதன் பிரதியொன்றைச் சாரண ஆசிரியரின் பையில் வைப்போம். அதுவரை மெய்வல்லுநர் போட்டிக்கு ஊதுகுழலும் ஒலிபெருக்கியும் போதும்.