டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார்... நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா?

"வீட்டுக்கு வந்தாச்சு, இனிமே அசையாம படுத்திருங்கப்பா!"

'ஹார்ட் ஃபெயிலியர்' எனப்படும் இதயச் செயலிழப்புக்குச் சிகிச்சை பெற்றுத் திரும்பும் பெரியவர்களிடம் பலரும் அன்போடு சொல்வது இது. ஆனால், டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லாதபோது, இந்த அன்பே அவர்களைக் கட்டிலோடு கட்டிப்போட்டுவிடும்.

இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. உடலுக்குத் தேவையான அளவு ரத்தத்தை அதனால் பம்ப் செய்ய முடியவில்லை. மருந்துகளால் மூச்சுத்திணறலும் கால் வீக்கமும் குறையும். ஆனால், ஆஸ்பத்திரியில் படுத்தே இருந்த நாள்களில் தொடைத் தசைகள் வலுவிழந்திருக்கும். குளிக்க, உடை மாற்றக்கூட ஆள் தேவைப்படும். கொட்டிவாக்கத்தில் லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடியில் வீடு என்றால், வந்த அன்றே படிக்கட்டில் சோதனை தொடங்கிவிடும்.

அமெரிக்காவில் நடந்த 'ரீஹேப்-ஹெச்.எஃப்' ஆய்வு 2021-ல் வெளியானது. அட்மிட் ஆன, 60 வயதும் அதற்கு மேலும் உள்ள 349 பேர் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்குத் தசை வலு, சமநிலை, நடை, தாங்குதிறன் ஆகியவற்றுக்கு 12 வாரங்கள் பயிற்சி. தடுமாறாமல் நிற்பது, சிறிது தூரம் நடப்பது, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது ஆகியவற்றுக்கு மொத்தம் 12 மதிப்பெண். மூன்று மாத முடிவில், பயிற்சி பெற்றவர்களின் சராசரி 8.3; மற்றவர்களுக்கு 6.9. மறுபடி அட்மிட் ஆவது பெரிதாகக் குறையவில்லை. ஆனால், அன்றாட வேலைகளுக்கான வலு கூடியது.

வீட்டில் என்ன செய்யலாம்?

* எவ்வளவு நடக்கலாம், படி ஏறலாமா என்பதை டிஸ்சார்ஜுக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள்.

* முதலில் ஹாலுக்குள் நடை. பீச் பக்கம் பிறகு போகலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும். தலைசுற்றல், நெஞ்சுவலி வந்தால் உடனே நிறுத்துங்கள். வலி நீடித்தால் 108-ஐ அழையுங்கள்.

* பாத்ரூமில் கைப்பிடியும், வழுக்காத நாற்காலியும் வேண்டும்.

* தினமும் காலையில் சாப்பிடும் முன் எடை பாருங்கள். மூன்று நாள்களில் 2 கிலோ ஏறினால் உடலில் நீர் சேர்கிறது என்று பொருள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

* ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் உப்பு அதிகம். தவிர்த்துவிடுங்கள்.

* வெளியே அழைத்துப்போக முடியாதவர்களுக்கு, தமிழக அரசு 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே பிசியோதெரபி உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

அடுத்த செக்கப்பில் "அப்பா எப்படி இருக்கார்?" என்று டாக்டர் கேட்டால், "பரவாயில்லை" என்று முடித்துவிடாதீர்கள். "போன வாரம் தானே குளித்தார், இந்த வாரம் முடியவில்லை" என்று சொல்லுங்கள். டாக்டருக்குத் தேவையான தகவல் அதுதான்!