கனடாவில் ஒரு கொலை, 6 அதிகாரிகள் வெளியேற்றம்: நிஜ்ஜார் விவகாரத்தில் நிரூபணமானது எது, ஆகாதது எது?

ரெண்டு நாள் லீவு கிடைச்சு ஊருக்குப் போயிருந்தேன். பெரியகுளம் பக்கத்துல ஜெயமங்கலம். வீட்டு வாசல்ல உட்கார்ந்ததுமே சித்தப்பா கேட்டார்: "ஏப்பா, நீ டிவிலதான இருக்க? கனடால ஒரு சிங்க சுட்டாய்ங்களே, சுட்டது யாருன்னு கண்டுபிடிச்சாய்ங்களா இல்லையா? இப்ப ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டு கை குடுக்குறாய்ங்க?"

அவர் சும்மா கேட்கவில்லை. அவர் மகள் டிகிரி முடிக்கப் போகிறாள். கனடாவில் ஒரு காலேஜில் இடம் கிடைக்கும் என்று ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். அனுப்பலாமா வேண்டாமா என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல ஹர்தீப் சிங் நிஜ்ஜாரிலிருந்துதான் ஆரம்பிக்கணும்.

யார் இந்த நிஜ்ஜார்?

பஞ்சாபின் ஜலந்தர் மாவட்டத்துக்காரர். 1997-ல் கனடா போனவர், அங்கே பிளம்பிங் தொழில் செய்து, கனடா குடிமகனானார். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் சர்ரே என்ற ஊரின் குருநானக் குருத்வாராவுக்குத் தலைவராகவும் இருந்தார். தனி நாடாகக் காலிஸ்தான் வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசி, அதற்காக வெளிநாட்டு சீக்கியர்களிடம் வாக்கெடுப்பு நடத்தும் வேலையிலும் இருந்தவர். இந்திய அரசு 2020 ஜூலையில் இவரை உபா சட்டத்தின் கீழ் பயங்கரவாதியாக அறிவித்தது. 2022-ல் என்.ஐ.ஏ. 10 லட்சம் ரூபாய் சன்மானமும் அறிவித்தது. தன் மீதான குற்றச்சாட்டுகளை அவர் மறுத்துவந்தார்.

2023 ஜூன் 18 இரவு, குருத்வாராவின் பார்க்கிங்கில் தன் வண்டிக்குள் இருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 45.

கொலை ஜூனில், சண்டை செப்டம்பரில்

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். கொலை நடந்த உடனே ரெண்டு நாடுகளுக்கும் சண்டை வரவில்லை. 3 மாதம் கழித்துத்தான் வந்தது. ஜி20 மாநாட்டுக்கு டெல்லி வந்த அன்றைய கனடா பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ, விமானம் பழுதாகி ரெண்டு நாள் கூடுதலாக டெல்லியிலேயே மாட்டிக்கொண்டது நினைவிருக்கும். மீம்ஸ் எல்லாம் ஓடியது. அவர் ஊர் திரும்பி ஒரு வாரத்துக்குள், செப்டம்பர் 18-ம் தேதி நாடாளுமன்றத்தில் எழுந்து, இந்தக் கொலைக்கும் இந்திய அரசின் ஏஜென்ட்டுகளுக்கும் தொடர்பு இருக்கலாம் என்பதற்கு நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் இருப்பதாகச் சொன்னார். கையோடு ஓர் இந்திய அதிகாரியை வெளியேற்றினார்கள். மறுநாள் இந்தியா ஒரு கனடா அதிகாரியை வெளியேற்றியது. குற்றச்சாட்டு அபத்தமானது, உள்நோக்கம் கொண்டது என்றது டெல்லி.

நம்ம ஆட்களுக்கு இது புரிய, பாரிஸை நினைத்துப் பார்க்கலாம். 2012 நவம்பரில், பிரான்ஸ் தமிழர் ஒருங்கிணைப்புக் குழுவின் பொறுப்பாளராக இருந்த பரிதி பாரிஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். தமிழ் அமைப்புகள் இலங்கை அரசைக் கை காட்டின. இலங்கைத் தரப்பு உட்பூசல் என்றது. ஆனால் பிரான்ஸ் அதிபரோ பிரதமரோ நாடாளுமன்றத்தில் எழுந்து இன்னொரு நாட்டின் பெயரைச் சொல்லவில்லை. அது போலீஸ் வழக்காகவே நின்றது. கனடாவில் ஒரு பிரதமர் வாய் திறந்து சொன்னார், அதனால்தான் அது ராஜதந்திரப் பிரச்சனையானது.

ஆதாரம் இருந்ததா?

விவகாரத்தின் முடிச்சே இதில்தான் இருக்கிறது. உளவுத் தகவல் வேறு, ஆதாரம் வேறு. சித்தப்பாவிடம் இப்படித்தான் சொன்னேன்: தோப்புல வாழைத்தாரை வெட்டிட்டுப் போனது யாருன்னு டீக்கடையில எல்லாருக்கும் தெரியும். ஆனா ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்க ஒருத்தர் வரமாட்டார். டீக்கடைப் பேச்சு பொய்யாத்தான் இருக்கணும்னு இல்ல. அதை வெச்சு ஒருத்தர ஜெயிலுக்கு அனுப்ப முடியாது, அவ்வளவுதான்.

கனடா, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய 5 நாடுகள் உளவுத் தகவல்களைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. 'ஐந்து கண்கள்' கூட்டணி என்பார்கள். அப்படிப் பகிரப்பட்ட தகவலும் ட்ரூடோவின் பேச்சுக்குப் பின்னால் இருந்ததாக கனடாவுக்கான அமெரிக்கத் தூதரே அப்போது சொன்னார். ஒட்டுக்கேட்ட பேச்சை வெளியே காட்டினால், எங்கே எப்படிக் கேட்டார்கள் என்பதும் வெளியே வந்துவிடும். அதனால் உளவு அமைப்புகள் காட்ட மாட்டார்கள். காட்டாத வரை எதிராளி "ஆதாரம் எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருக்கலாம். இந்தியா அதைத்தான் கேட்டது. கேட்டதில் நியாயமும் இருந்தது.

2024 அக்டோபர் 16-ம் தேதி ட்ரூடோவே விசாரணை ஆணையத்தின் முன் ஒப்புக்கொண்டார்: 2023-ல் தங்களிடம் இருந்தது முக்கியமாக உளவுத் தகவல்தான், உறுதியான சாட்சியம் அல்ல என்று. நாங்கள் இத்தனை நாள் சொன்னது இதைத்தானே என்றது இந்திய வெளியுறவு அமைச்சகம்.

ஆனால் இதோடு கதை முடிந்தது என்று எழுதினால் அது பாதிக் கதை. 2023 நவம்பர் 29-ல் அமெரிக்கா ஒரு குற்றப்பத்திரிகையை வெளியிட்டது. நியூயார்க்கில் வசிக்கும் காலிஸ்தான் ஆதரவாளர் குர்பத்வந்த் சிங் பன்னூனைக் கொல்ல 1 லட்சம் டாலர் பேரம் பேசப்பட்டதாகவும், பேரம் பேசியவர் கூலிக் கொலையாளி என்று நம்பிய ஆள் உண்மையில் மாறுவேடத்தில் இருந்த அமெரிக்க அதிகாரி என்றும் அதில் இருந்தது. நிஜ்ஜார் கொல்லப்பட்ட சில மணி நேரத்தில், அவர் உடல் கிடக்கும் வீடியோ இந்தச் சதியில் குற்றம் சாட்டப்பட்ட நிகில் குப்தாவுக்கு அனுப்பப்பட்டது என்கிறது அந்தக் குற்றப்பத்திரிகை. 2024 அக்டோபரில் முன்னாள் இந்திய அதிகாரி விகாஷ் யாதவ் பெயரையும் அமெரிக்கா சேர்த்தது.

இதற்கு டெல்லி அபத்தம் என்று சொல்லவில்லை. உயர்மட்ட விசாரணைக் குழு அமைத்தது. அந்தக் குழு, பெயர் குறிப்பிடாமல் ஒரு தனிநபர் மீது சட்ட நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2025 ஜனவரியில் பரிந்துரைத்தது. கனடாவிடம் ஒரு முகம், அமெரிக்காவிடம் ஒரு முகமா என்று கேட்டால், ரெண்டு காரணம் தெரிகிறது. அமெரிக்கா கோர்ட் பேப்பரோடு வந்தது. அப்புறம், அது அமெரிக்கா.

'பர்சோனா நான் கிராட்டா'ன்னா என்ன?

நியூஸில் அடிக்கடி வரும் இந்த வார்த்தைக்கு 'விரும்பத்தகாத நபர்' என்று அர்த்தம். 1961 வியன்னா உடன்படிக்கைப்படி, ஒரு நாட்டில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தூதரக அதிகாரியைக் கைது செய்ய முடியாது, வழக்குப் போட முடியாது. அவரை அனுப்பிய நாடே அந்தப் பாதுகாப்பை விலக்கிக்கொண்டால்தான் முடியும். பிடிக்கவில்லை என்றால் "கிளம்புங்க" என்று சொல்லலாம். காரணம் சொல்லவே தேவையில்லை.

2024 அக்டோபர் 14 அன்று நடந்ததை இதை வைத்துப் பார்த்தால் புரியும். கனடாவில் நடந்த கொலை, மிரட்டிப் பணம் பறித்தல் போன்ற குற்றங்களில் இந்திய அரசின் ஏஜென்ட்டுகளுக்குத் தொடர்பு இருப்பதாக கனடா தேசியப் போலீஸான ஆர்.சி.எம்.பி.யின் தலைவரே பிரஸ்மீட் வைத்துச் சொன்னார். இந்தியத் தூதர் சஞ்சய் குமார் வர்மா உட்பட 6 பேரை விசாரிக்க, அவர்களது பாதுகாப்பை விலக்கச் சொன்னது கனடா. இந்தியா மறுத்தது. 6 பேரையும் வெளியேற்றியதாக கனடா சொன்னது, நாங்களே திரும்ப அழைத்துக்கொண்டோம் என்றது இந்தியா. பதிலுக்கு கனடாவின் பொறுப்புத் தூதர் உட்பட 6 பேர் டெல்லியிலிருந்து கிளம்பினார்கள்.

கணக்கு சரியாகிவிட்டது, ஆனால் விசாரிக்க வேண்டிய ஆட்கள் விசாரிக்கப்படாமலே போனார்கள். தப்பு செய்தார்களா இல்லையா என்பது தெரியாது. தப்பே செய்யாதவர் அதை நிரூபிக்கவும் இனி வாய்ப்பில்லை.

டெல்லியின் கோபத்துக்கும் ஒரு வரலாறு

1985 ஜூன் 23. கனடாவிலிருந்து கிளம்பிய ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்து கடல் பகுதிக்கு மேலே குண்டு வெடித்துச் சிதறியது. 329 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலானவர்கள் இந்திய வம்சாவளி கனடியர்கள். குண்டு கனடாவில்தான் ஏற்றப்பட்டது. இத்தனை ஆண்டில் தண்டிக்கப்பட்டது ஒரே ஒருவர், இந்தர்ஜித் சிங் ரேயாத். மற்ற இருவர் 2005-ல் விடுதலையானார்கள். ரெண்டு நாட்டுக்கும் நடுவே 1987 முதல் குற்றவாளிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. ஆனாலும் 26 கோரிக்கைகள் கனடாவிடம் கிடப்பில் இருப்பதாக இந்தியா 2024-ல் சொன்னது. 2023 ஜூனில், நிஜ்ஜார் கொலைக்கு ரெண்டு வாரம் முன், பிராம்ப்டன் நகர ஊர்வலத்தில் இந்திரா காந்தி படுகொலையைப் பொம்மை வைத்துக் காட்சியாகக் கொண்டுபோனார்கள். கருத்துச் சுதந்திரம் என்று கனடா சொல்வது டெல்லியின் காதில் எப்படி விழும் என்று யோசித்துக்கொள்ளலாம். இந்தக் கோபம் நியாயமானது. அதற்காக கோர்ட் இல்லாமல் ஒருவரைக் கொல்வது நியாயமாகிவிடாது. இந்தியாவும் தான் அப்படிச் செய்ததாக ஒருபோதும் சொல்லவில்லை.

அப்ப சுட்டது யாரு?

2024 மே மாதம் 4 இந்திய இளைஞர்களைக் கனடா போலீஸ் கைது செய்து கொலை வழக்குப் போட்டது. அந்த ஆண்டு நவம்பரில் வழக்கு நேராகப் பிரிட்டிஷ் கொலம்பியா உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. இங்கே ஒரு ஒப்புதல் வாக்குமூலம். 2025 ஜனவரியில் '4 பேருக்கும் ஜாமீன்' என்று ஒரு நியூஸ் இந்தியா முழுக்கப் பரவியது. நானும் அலர்ட் டைப் பண்ணி, பட்டனில் விரல் வைத்துவிட்டேன். சீனியர் ஒருத்தர் "இரு தம்பி, அது ஸ்டேதான், பெயில் இல்ல" என்றார். வழக்கு மேல் கோர்ட்டுக்குப் போனதால் கீழ் கோர்ட்டில் நடவடிக்கை நிறுத்தப்பட்டிருந்தது. 4 பேரும் காவலில்தான் இருந்தார்கள்.

துப்பாக்கி பிடித்தது இவர்கள்தானா என்று கோர்ட் சொல்லணும். இவர்கள்தான் என்றால், சொல்லி அனுப்பியது யார் என்பது அடுத்த கேள்வி. ராஜதந்திரச் சண்டை மொத்தமும் அந்த ரெண்டாவது கேள்வியைப் பற்றியது. முதல் கேள்விக்கான விசாரணையே அதற்குப் பின்னால்தான் நடக்கிறது.

கை குலுக்கியது எப்படி?

ட்ரூடோ போய் 2025 மார்ச்சில் மார்க் கார்னி பிரதமரானார். அமெரிக்க அதிபர் ட்ரம்பின் வரிகளால் கனடாவுக்குப் புதுச் சந்தை தேவைப்பட்டது. ஜூன் 17-ம் தேதி ஜி7 மாநாட்டில் கார்னி, மோடியைச் சந்தித்தார். சீக்கிய அமைப்புகளின் எதிர்ப்பையும் மீறி அழைத்திருந்தார். ஆகஸ்ட்டில் இரு நாடுகளும் புதுத் தூதர்களை அறிவித்தன. அக்டோபரில் கனடா வெளியுறவு அமைச்சர் அனிதா ஆனந்த் டெல்லி வந்தார். இவர் அப்பா தமிழர், அம்மா பஞ்சாபி. நவம்பரில் வர்த்தக ஒப்பந்தப் பேச்சைத் தொடங்கவும் சம்மதம். 2030-க்குள் 5,000 கோடி டாலர் வர்த்தகம் இலக்கு.

உண்மையில் வியாபாரம் நிற்கவே இல்லை. அதிகாரிகளை மாறி மாறி வெளியேற்றி 3 மாதம் ஆவதற்குள், 2023 டிசம்பரில், மஞ்சள் பட்டாணிக்கு இறக்குமதி வரியை இந்தியா நீக்கியது. அதை விற்கும் பெரிய நாடுகளில் ஒன்று கனடா. மைசூர் பருப்பும் அங்கிருந்துதான் நிறைய வருகிறது. சித்தப்பா வாழைக்கு வைக்கிற பொட்டாஷ் மொத்தமும் இந்தியாவுக்கு இறக்குமதிதான், உலகிலேயே அதிகம் எடுக்கும் நாடு கனடா. அதைச் சொன்னதும்தான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அடி விழுந்தது யாருக்கு?

2023 செப்டம்பர் 21-ல் கனடியர்களுக்கு விசா தருவதை இந்தியா நிறுத்தியது. கனடா பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஈழத்தமிழர்கள் சென்னையில் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கவும், கோயிலுக்கு வரவும், ஆஸ்பத்திரிக்கு வரவும் அந்த விசாதான் வேண்டும். இ-விசா திரும்ப வந்தது நவம்பர் 22-ல். அக்டோபரில் இந்தியா சொன்னதால் 41 கனடா அதிகாரிகள் இங்கிருந்து கிளம்பினார்கள். இந்தியாவில் விசா விண்ணப்பம் பார்த்த கனடா ஊழியர்கள் 27-லிருந்து 5 பேராகக் குறைந்தார்கள். அந்த ஆண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரை 1,08,940 இந்திய மாணவர்களுக்குப் படிப்பு அனுமதி கிடைத்தது. அடுத்த 3 மாதத்தில் கிடைத்தது 14,910 பேருக்கு.

இப்போது தூதர்கள் திரும்பிவிட்டார்கள், ஆனால் மாணவர்களுக்குக் கதவு பழையபடி திறக்கவில்லை. வீட்டு வாடகை எகிறியதால் 2024-ல் கனடாவே வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்தது, 2025-ல் இன்னும் குறைத்தது. வேகமாக அனுமதி தரும் திட்டத்தை 2024 நவம்பரில் மூடியது. செலவுக்குக் கையில் காட்ட வேண்டிய பணம் 10,000 கனடா டாலராக இருந்தது, 2025 செப்டம்பர் முதல் 22,895. இதற்கும் நிஜ்ஜாருக்கும் சம்பந்தமில்லை.

ஏஜென்ட் சொன்ன தொகையை எழுதின பேப்பரை சித்தப்பா உள்ளே போய் எடுத்து வந்தார். அதில் இன்னும் 10,000 என்றுதான் இருந்தது.