கேட்பதற்கும் காசா?

அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமி இருக்கிறார். எண்பதை எட்டப்போகும் வயது. தனியே வாழ்கிறார், ஒரே மகன் கனடாவில். மாமிக்கு இரண்டு காதும் மந்தம். செவிப்புலன் கருவி இல்லாவிட்டால் பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். விடுமுறையில் வந்திருந்த மகன், பழுதாகிக் கிடந்த அந்தக் கருவியைத் தன்னோடு கொண்டுபோய், அங்கே திருத்தி, தனியார் விநியோக நிறுவனம் ஒன்றின் ஊடாக அனுப்பிவைத்தார்.

நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு நிறுவனத்தைத் திட்டித் தீர்ப்பது என் நோக்கமன்று. பெயரை மாற்றிப் போட்டாலும் கதை மாறாது என்பதை இதை வாசிக்கும் உங்களில் பலர் உங்கள் அனுபவத்திலேயே அறிவீர்கள்.

பொதிக்கு ஒரு கண்காணிப்பு இலக்கம் தரப்பட்டிருந்தது. அந்த இலக்கத்தை இணையத்தளத்தில் இட்டால் பொதியின் பயணம் வரி வரியாகத் தெரியும். கொழும்பை வந்தடைந்தது, சுங்கத்திலிருந்து விடுவிக்கப்பட்டது, திருகோணமலைக் கிளைக்கு அனுப்பப்பட்டது, விநியோகத்துக்காகப் புறப்பட்டது. அதுவரை எல்லாம் ஒழுங்கு. அதற்கடுத்த வரிதான் வில்லங்கம்: 'பெறுநர் தொலைபேசி அழைப்புக்குப் பதிலளிக்கவில்லை.' மறுநாளும் அதே வரி. மூன்றாம் நாளும் அதே வரி. அதன் பிறகு, 'அனுப்பியவருக்குத் திருப்பி அனுப்பப்படவுள்ளது.'

காது கேளாத ஒருவருக்குக் கேட்கும் கருவியைக் கொண்டுவந்தவர்கள், அவர் தொலைபேசி மணியைக் கேட்கவில்லை என்று காரணம் எழுதித் திருப்பி அனுப்பப் பார்க்கிறார்கள்! ரொறன்ரோவில் நள்ளிரவில் இதனைக் கண்ட மகன் எனக்கு அழைப்பெடுத்தார். அவர்களது வாடிக்கையாளர் சேவை இலக்கத்துக்கு நான் அழைத்தேன்.

சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு, ஆங்கிலத்துக்கு மூன்று. இரண்டை அழுத்தினேன். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது' என்று ஒரு பெண்குரல் அழகான தமிழில் சொன்னது. பிறகு இசை. மீண்டும் அதே குரல். மீண்டும் இசை. பதினாறாவது நிமிடத்தில் ஒருவர் வந்து சிங்களத்தில் பேசினார். எனக்குப் போதிய சிங்களம் தெரியும், விடயத்தைச் சொன்னேன். 'வேறு பிரிவுக்கு மாற்றுகிறேன்' என்றார். மாற்றியதும் தொடர்பு அறுந்தது.

இரண்டு நாட்களில் ஐந்து அழைப்புகள். மொத்தம் 71 நிமிடங்கள். மனிதர் எவருடனாவது பேசியது அதில் ஒன்பது நிமிடங்களுக்கும் குறைவு. மிகுதி முழுவதும் இசைக் கச்சேரி. அதற்கு நுழைவுச்சீட்டு வாங்கியவன் நான். நிரப்பி வைத்திருந்த தொலைபேசிக் காசு இடையில் தீர்ந்துபோக, கடைக்கு ஓடி மறுபடி நிரப்பினேன். ஐந்தாவது அழைப்பில் கிடைத்த விடை: 'ஐயா, அனுப்பியவர்தான் எங்கள் வாடிக்கையாளர். அவர்தான் முறையிட வேண்டும்.' மகனோ கனடாவில் முறையிட்டுவிட்டார். அங்கே அவருக்குக் கிடைத்த விடை: 'பொதி இலங்கையிலுள்ள பங்காளி நிறுவனத்திடம் கையளிக்கப்பட்டுவிட்டது. அவர்களைக் கேளுங்கள்.'

பொதி எங்கே இருந்தது தெரியுமா? திருகோணமலை நகரத்திலேயே, எங்கள் வீட்டிலிருந்து ஓட்டோவில் கால்மணி நேரத் தூரத்தில், அவர்களது கிளையில் ஒரு தட்டில் கிடந்தது. நேரில் போய் நின்றபோது இரண்டு நிமிடத்தில் எடுத்துத் தந்தார்கள்.

அங்கே நின்ற விநியோக இளைஞரிடம் கோபத்தோடுதான் கேட்டேன்: "தம்பி, வீட்டு வாசலுக்கு வந்து ஒருக்கால் தட்டிப் பார்த்திருக்கலாமே?" அவர் தன் கைத்தொலைபேசியைத் திறந்து காட்டினார். செயலியில் ஐந்தாறு காரணங்கள் கொண்ட ஒரு பட்டியல். அவற்றில் ஒன்றை அழுத்தினால்தான் அடுத்த பொதிக்குப் போகலாம். "தெருவில் வீட்டு இலக்கம் ஒழுங்கா இல்லை ஐயா. கோல் எடுத்துத்தான் வீடு பிடிக்கிறது. எடுக்காவிட்டால் இதை அழுத்திவிட்டுப் போகவேண்டியதுதான். கொடுத்த பொதிக்குத்தான் எங்களுக்குக் காசு." என் கோபம் அவரிடமிருந்து விலகியது. பட்டியலை எழுதியவர் அவரல்லர். 'அயலில் விசாரிக்கவும்' என்றொரு கட்டத்தை அதில் வைக்க வேண்டும் என்று எண்ணாதவர்கள் வேறெங்கோ குளிரூட்டிய அறையில் இருக்கிறார்கள்.

இனி வாதத்துக்கு வருகிறேன்.

முதலாவது, இந்தக் கண்காணிப்பு யாருக்காக? துறைமுக ஊர்க்காரர்களுக்குச் சரக்குக் கணக்கை எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. மூட்டை கைமாறும் இடத்தில் கொடுப்பவர் தரப்பும் எண்ணும், ஏற்பவர் தரப்பும் எண்ணும். இரண்டு கணக்கும் ஒத்துவந்தால்தான் கையெழுத்து. கண்காணிப்பு இலக்கமோ ஒருதலைக் கணக்கு. கொண்டுவருபவரே எழுதுகிறார்; கொண்டுவருபவரே சாட்சி. அதில் தெரிவது பொதி இருக்கும் இடமன்று, கடைசியாக எவரோ ஒருவர் கருவியில் அழுத்திய பொத்தான். 'பதிலளிக்கவில்லை' என்று மாமியின் பெயரில் எழுதப்பட்ட குற்றச்சாட்டை மறுத்து எழுத, மாமிக்கு அந்தப் பக்கத்தில் ஒரு வரி இடமில்லை.

இந்த முறையின் வரலாறும் இதையே சொல்கிறது. ஃபெடெக்ஸ் நிறுவனம் 1979இல் 'கொஸ்மொஸ்' என்ற கணினி முறையைக் கொண்டுவந்தது, பொதிகளையும் வாகனங்களையும் ஆட்களையும் தானே நிர்வகிப்பதற்காக. 1994இல்தான் அந்தத் தகவலை இணையத்தில் வாடிக்கையாளரும் பார்க்கும்படி திறந்துவிட்டது. அது நல்ல சேவைதான், மறுக்கவில்லை. ஆனால் வாடிக்கையாளர் தானே பார்த்துக்கொண்டால் தொலைபேசியில் பதில் சொல்லும் ஆட்களின் செலவு குறையும் என்பதும் அந்தச் சேவைக்குள் இருந்த கணக்கு. பிற்காலத்தில் வந்த பலர் அந்தக் கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். இணையத்தளத்தைக் காட்டி ஆட்களைக் குறைத்தார்கள். எஞ்சிய சில ஆட்களுக்கும் நமக்குமிடையே இசையை வைத்தார்கள்.

அரச தபால் மட்டும் திறமா என்று கேட்பீர்கள். அதன் குறைகளை நாற்பது வருடம் எழுதலாம். 2025 ஓகஸ்டில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது ஒரு வாரம் கடிதங்கள் தேங்கிக் கிடந்ததை மறக்கவில்லை. ஆயினும் அங்கே ஒரு முறைமை இருக்கிறது. 1874இல் பேர்ண் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையிலிருந்து பிறந்த சர்வதேசத் தபால் ஒன்றியம், நாடு விட்டு நாடு செல்லும் பொதிகளுக்கு ஒரே வகையான இலக்கத்தை வகுத்திருக்கிறது. முதலில் இரண்டு எழுத்துகள், நடுவில் ஒன்பது இலக்கங்கள், முடிவில் அனுப்பிய நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள். ஒன்பதில் கடைசி இலக்கம் காவற்காரன்: முன்னுள்ள எட்டு இலக்கங்களையும் குறித்த எண்களால் பெருக்கிக் கூட்டி, பதினொன்றால் வகுத்து அது பெறப்படுகிறது. ஒரு இலக்கத்தைத் தவறாக எழுதினால் அது காட்டிக்கொடுத்துவிடும். எழுத்துப்பிழையைப் பிடிக்க இவ்வளவு யோசித்த உலகம், போகாத வீட்டுக்குப் போனதாக எழுதுவதைப் பிடிக்க இன்னும் யோசிக்கவில்லை. அதைப் பிடித்தவர் தபால்காரர். எந்த வீட்டில் எவருக்குக் காது மந்தம், எவர் பகலில் வேலைக்குப் போய்விடுவார் என்பது அவருக்குத் தெரியும். மாமி மணியை எடுக்காவிட்டால் வேலியால் எட்டிப் பார்த்திருப்பார்; இல்லாவிட்டால் என்னிடம் சொல்லியிருப்பார்.

இரண்டாவது, கேட்பதற்கான செலவு யாருடையது? இலண்டனில் வாழும் வாசகர்களுக்கு 0870, 0871 என்று தொடங்கும் இலக்கங்கள் நினைவிருக்கும். 2000களில் பல நிறுவனங்கள் தம் உதவித் தொலைபேசிக்கு இவற்றைத்தான் தந்தன. 0871 இலக்கத்துக்கு நிமிடத்துக்கு 10 பென்ஸ் வரை போகும். அதில் ஒரு பங்கு அழைப்பைப் பெறும் தரப்புக்கே போய்ச்சேரும். நம்மைக் காக்க வைத்ததற்கு நம்மிடமே கூலி! காத்திருப்பு நீள நீள வருமானம் கூடும் என்றால், எந்த முதலாளி விரைவாகத் தொலைபேசியை எடுப்பார்?

இந்த அநியாயம் சட்டத்தால் தடுக்கப்பட்டது என்பதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் இயற்றிய நுகர்வோர் உரிமை நெறிமுறையின் 21ஆம் உறுப்புரை, ஏற்கெனவே செய்த ஒப்பந்தம் பற்றி அழைக்கும் நுகர்வோரிடம் அடிப்படைக் கட்டணத்துக்கு மேல் அறவிடலாகாது என்கிறது. பிரித்தானியாவில் இது 2014 யூன் 13 முதல் நடைமுறைக்கு வந்தது. ஜேர்மனியில் 'கொம்டெக்' என்ற இலத்திரனியல் பொருள் விற்பனை நிறுவனம் 0180 என்று தொடங்கும் கூடிய கட்டண இலக்கத்தைத் தன் உதவிச் சேவைக்கு வைத்திருந்தது. விவகாரம் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம்வரை போயிற்று. 2017 மார்ச் 2இல் தீர்ப்பு வந்தது: சாதாரண அழைப்புக்கு ஆகும் செலவுக்கு மேல் வாங்கக் கூடாது, அந்த அழைப்பால் நிறுவனத்துக்கு இலாபம் வந்ததா இல்லையா என்பது பொருட்டன்று.

அந்தக் கடைசிப் பகுதியை நான் அடிக்கோடிடுகிறேன். ஏனெனில் இங்குள்ள நிறுவனங்களைக் கேட்டால், 'காசு எங்களுக்கு வருவதில்லை. அது தொலைபேசிக் கம்பனிக்குப் போகிறது' என்று கைவிரிப்பார்கள். இருக்கலாம். ஆனால் 62 நிமிடம் என்னைக் காக்க வைத்தது தொலைபேசிக் கம்பனி அன்றே! பிழை விட்டவர் ஒருவர், அப்பிழையைக் கேட்கக் காசு கொடுப்பவர் இன்னொருவர் என்றால், பிழையைத் திருத்த வேண்டிய தேவை முதலாமவருக்கு ஏன் வரும்? அழைப்பின் செலவு நிறுவனத்தின் தலையில் விழட்டும். அடுத்த மாதமே அந்தப் பட்டியலில் 'அயலில் விசாரிக்கவும்' என்ற கட்டம் தோன்றும்.

'இலவச அழைப்புக் கொடுத்தால் விநியோகக் கட்டணம் கூடும்' என்றொரு பயமுறுத்தல் வரும். கூடட்டும். எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும் கட்டணமாக அது இருக்கட்டும். பொதி கைக்கு வராத துரதிர்ஷ்டசாலியிடம் மட்டும், வராத பின்னர், நிமிடக் கணக்கில் பிடுங்குவதைவிட அது நேர்மையானது. 'இப்போது எல்லாம் வாட்ஸ்அப்பில் கேட்கலாம்' என்பார்கள். கேட்கலாம்; இயந்திரம் பதில் சொல்லும். எண்பது வயது மாமிக்கு அதை யார் தட்டிக் கொடுப்பது?

மூன்றாவது, மொழி. தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதப்பட்டது 1987இல், பதின்மூன்றாம் திருத்தத்தில். அதற்காக இந்த இனம் கொடுத்த விலை என்ன என்பதைத் திருகோணமலையில் இருந்துகொண்டு நான் விவரிக்க வேண்டியதில்லை. தனியார் நிறுவனத்தை அந்த உறுப்புரை நேரே கட்டாது என்று வாதிடலாம். ஆனால் 'தமிழுக்கு இரண்டு' என்று தாமே வாக்களித்துவிட்டு, இரண்டை அழுத்தியவரைச் சிங்களத்தில் எதிர்கொள்வது எந்தச் சட்டத்தாலும் வாக்குமீறல்தான். பதிவு செய்த குரல் மட்டும் தமிழ் பேசினால் போதாது. பொதியைத் தேடுபவரும் பேச வேண்டும்.

எனவே கேட்பவை நான்கு.

ஒன்று, பொதி பற்றிய முறைப்பாட்டு அழைப்பு இலவசமாக இருக்க வேண்டும். குறைந்தபட்சம், காத்திருக்கும் நிமிடங்களுக்குக் கட்டணம் கூடாது. இரண்டு, அனுப்பியவர் மட்டுமல்லாமல் பொதியில் பெயர் எழுதப்பட்டவரும் கேட்கும் உரிமை பெற வேண்டும். மூன்று, 'பதிலளிக்கவில்லை' என்று எழுதினால் எந்த நேரத்தில், எந்த இலக்கத்திலிருந்து அழைத்தார்கள் என்பதையும் எழுத வேண்டும். பெறுநர் மறுப்புத் தெரிவிக்க இடமிருக்க வேண்டும். நான்கு, முறைப்பாட்டுக்கு ஒரு காலவரையறை வேண்டும். இந்தியாவில் 2020இல் வந்த மின்வணிக விதிகள், முறைப்பாடு கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்கின்றன. அங்கே ஏட்டளவிலாவது இருக்கிறது.

இலங்கையின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் 2003ஆம் ஆண்டுக்குரியது. வீட்டு வாசலுக்குப் பொதி வரும் இணைய வணிகம் இங்கே பரவாத காலத்தில் எழுதப்பட்டது. அதைப் புதுக்குவோம் என்று பேசுபவர்கள் இந்த நான்கையும் சேர்த்துப் பேசட்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அடுத்த முறை நீங்கள் அழைக்கும்போது பக்கத்தில் ஒரு தாளை வையுங்கள். தேதி, நேரம், காத்திருந்த நிமிடம், பேசியவரின் பெயர், செலவான காசு எல்லாவற்றையும் எழுதுங்கள். அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடும்போது அந்தக் கணக்கோடு முறையிடுங்கள். அவர்களிடம் அவர்களது கணக்கு இருக்கிறது. நம்மிடமும் ஒன்று இருக்க வேண்டும்.

என்னுடைய தாளை நான் எழுதி அனுப்பிவிட்டேன்: ஐந்து அழைப்புகள், 71 நிமிடங்கள். மாமி இப்போது கருவியை மாட்டிக்கொண்டிருக்கிறார். நேற்று மாலை வாசலால் போகும்போது, தொலைபேசி மணி கேட்டு அவர் எழுந்து போவதைக் கண்டேன்.