சோறு போடுமா ஹாக்கி?

படிவம் ஐந்தில் அம்மா கேட்டார்: "எஸ்.பி.எம். வருது. ஹாக்கி சோறு போடுமாம்மா?" மட்டையைப் பரணில் போட்டேன். அம்மா மீது குறையில்லை; சின்ன வயதிலேயே பால்மரம் வெட்டப் போனவருக்குச் சோறுதான் முதல் கேள்வி.

லடாக்கின் லே நகரைச் சேர்ந்த நூர் ஜஹானுக்கும் ஹாக்கி சோறு போடவில்லை. இந்திய மகளிர் பனி ஹாக்கி அணியின் கோல்காவலராக ஆடியவர் அவர். பழைய சுவரோவியங்களைச் சீரமைப்பது அவரது தொழில். அந்த அணி 2016-இல்தான் முதன்முதலாக அனைத்துலகப் போட்டிக்குப் போனது. 2017-இல் பேங்காக்கில் பிலிப்பீன்சை 4-3 என வென்றது. 2025-இல் ஆசியக் கிண்ணத்தில் வெண்கலம் பெற்றது.

ஆக, வேலையா ஆட்டமா என்ற கேள்வியே தவறு. இரண்டும் முடியும், யாராவது தோள் கொடுத்தால்! ஈப்போவில் பனி இல்லை. ஆனால், அஸ்லான் ஷா அரங்கம் இருக்கிறது. தோட்டப்புறத்திலிருந்து அங்கு வர நம் தங்கைகளுக்கு வண்டிதான் இல்லை.

முன்னாள் மாணவர்களே, பரிசளிப்பு விழாவுக்குக் கொடுப்பதில் ஒரு பகுதியைப் பயிற்சிக்குப் போகும் வண்டிச் செலவுக்குக் கொடுங்கள்.

நான்? இருபத்திரண்டு வயதில் பரணிலிருந்து மட்டையை இறக்கிவிட்டேன். அம்மாதான் தூசி தட்டினார்.